ஒரே பக்கம் சாய்ந்த சராசரி

வங்காலை,
ஆனி 1974.

அன்புள்ள அன்ரோனெற்றுக்கு,

சுகம் விசாரிக்க முன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் எழுத முன் நானே எழுதுவது நல்லது. ஞாயிறு பூசை முடிய உமது தம்பி பஸ்ரியன் என் பக்கம் வருவதைக் கண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூட்டுக்குள் போய் ஒளித்தேன். மற்றப் பக்கத்தில் சுவாமி வந்து இருந்துவிட்டார். வந்ததற்கு ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? சராசரியால் ஊரைக் கெடுத்தேன் சுவாமி என்றேன். அது எத்தனையாம் கட்டளை மகனே என்று கேட்டார்.

பிள்ளை பெற்ற உடம்போடு மகள் பெற்றிசியா எழுந்து நடக்கிறாளா? பதுளைக் குளிரில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம்.

நீர் போன பிறகு என் பொறியியல் மாணவர்களை இங்கே கூட்டி வந்தேன். நிகழ்தகவும் புள்ளிவிபரமும் கரும்பலகையில் பார்த்து அவர்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அந்த நேரம் பார்த்து, இந்தக் கரைக்கு ஐஸ் அறை கட்டலாமா என்று அறிய, எவ்வளவு மீன் படுகிறதென்று கணக்கெடுத்துத் தரும்படி மீன்பிடி இலாகாக் கந்தோரில் கேட்டார்கள். அந்த ஐஸ் அறைக்காகப் பஸ்ரியன் நடந்த நடை உமக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் லொறிக்காரன் சொன்ன விலைக்குக் கொடுக்காவிட்டால் பஸ்ரியன் பிடித்த மீன் நாறிவிடும்.

நான் கெட்டித்தனம் காட்டினேன். ஐஸ் அறைக்கென்று தெரிந்தால் கூட்டிச் சொல்வார்கள் என்று பயந்து, காரணத்தை மூச்சுவிட வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். லொறி போன பிறகு வீடு வீடாகக் கேட்டார்கள். கண்ணூறு நாவூறுக்குப் பயந்து பெற்ற தாய்க்கும் உண்மை சொல்லாத ஆட்கள் நாங்கள். எவ்வளவு மீன் பட்டாலும் எல்லா வாயிலும் ஒரே பதில்: கறிக்குத்தான் பட்டது.

உயிலங்குளத்துப் பிள்ளை இந்திராதேவி மட்டும், எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லினம் சேர் என்று தயங்கினாள். நல்லதுதானே பிள்ளை, பதில்கள் சிதறாமல் நியம விலகல் சிறிதென்றால் தரவை நம்பலாம், கூட்டிச் சொன்னதும் குறைத்துச் சொன்னதும் சராசரியில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று விரிவுரை அடித்தேன். எல்லாரும் குறைத்தே சொன்னால் எது எதைத் தின்பது?

ஐஸ் அறை வேறு ஊருக்குப் போய்விட்டது. என் கையெழுத்திட்ட அறிக்கையைக் காட்டித்தான் பஸ்ரியனைத் திருப்பி அனுப்பினார்களாம். பிழை என்னுடையது என்று திருத்தி எழுதினேன். அங்கே அத்திவாரம் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

கந்தோரிலிருந்து திரும்பிய அன்று பஸ்ரியன் நமது வீட்டுப் படலைக்கு வெளியே நின்றபடி ஒன்றுதான் கேட்டான். "பொடியளுக்குத் தெரியாது அத்தான். நீங்கள் இந்தக் கரையில பிறந்தனீங்கள். உங்களுக்குமா தெரியாது?" சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டான். ஞாயிறன்று என்ன சொல்ல வந்தானோ, ஒளித்ததால் அதுவும் தெரியாமல் போயிற்று.

நீர் அவனுக்கு இரண்டு வரி எழுதும். மன்னிக்கச் சொல்ல வேண்டாம். முந்தி மாதிரிப் பின்னேரத்தில் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லும். அக்கா சொன்னால் கேட்பான். பேரப்பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடும். மாதா உங்களைக் காப்பாராக.

உமது,
சிங்கராசா

பி.கு.: வின்சன்ட் கொண்டுபோகும் நமது வள்ளத்துக்கு இம்முறை எப்படி என்று கேட்டிருந்தீர். கறிக்குத்தான். ரயிலில் கருவாட்டுப் பெட்டிகள் அனுப்பியிருக்கிறேன். இறக்குவதற்கு மருமகன் தனியாக வர வேண்டாம், ஒரு வண்டிலும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லும்.