லூசியானின் கழுத்து

மூக்கண்டப்பள்ளி,
18.1.2004

என் பிரியமுள்ள வாத்தியார் தணிகாசலத்துக்கு,

நாராயணப்பன் வணக்கம் சொல்லி எழுதச் சொன்னது. எழுதுவது மருமகள் சரிதா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நடுவில் சிரிக்கிறாள், அதை எழுத மாட்டாள்.

நீ பாண்டிச்சேரிக்குப் போனதிலிருந்து உன் முகம் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் கம்பெனி கேட்டில் காவலுக்கு நான், ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு நீ. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீ நாடகம் எழுதுவாய், நான் நடிப்பேன். கடைசியாய்ப் போட்டதில் எனக்குச் சேட்டு வேஷம். மீசை கழன்று காப்பி டம்ளரில் விழ, அதை எடுத்து உதறி ஒட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வசனம் பேசினேன். உனக்குப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் கிடையாது. மறந்திருப்பாய். எனக்கு மறக்காது.

நீ அனுப்பின நாடகம் வந்தது. சரிதா படிக்கக் கேட்டேன், முழுசும் மனசில் ஏறிவிட்டது. லூசியானை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிரான்ஸ் தேசத்துத் தையல்காரன் மகன். பிரபுக்களைக் கிண்டல் பண்ணி நாடகம் எழுதி, ராஜாவிடம் ஜெயில் வாங்குகிறான். ஜனங்கள் எழுந்து ராஜாவைத் தள்ளினதும் வெளியே வந்து பேப்பர் நடத்துகிறான். சரி, இனி நிம்மதியாய் இருப்பான் என்று பார்த்தால், புதுசாய் வந்தவர்களும் விசாரிக்காமல் தலை வெட்டுகிறார்கள் என்று அவர்களையும் திட்டி எழுதிவிடுகிறான்! வாய் சும்மா இருக்கிறதா பார். உன்னை மாதிரியேதான்.

பங்குனியில் இங்கே மாரியம்மன் திருவிழா. காலனிப் பசங்களும் நானும் இந்த நாடகத்தைத்தான் போடப்போகிறோம். லூசியான் நான். "பல்லில்லாத லூசியானா?" என்கிறான் மகன் பிரகாஷ். ஜெயிலில் பல் விழாதா என்று கேட்டேன், அடங்கினான்.

ஒரு சங்கதி. கோயில் கமிட்டித் தலைவர் சென்றாயன், "ஆத்தா எதிரில் சாவு ஆகாது. மங்களம் பாடித்தான் முடிக்கணும்" என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அதனால் கடைசி சீனைக் கொஞ்சம் சரிபண்ணினேன். அவன் கழுத்தில் விழ வேண்டிய கத்தி பாதியில் சிக்கிக்கொள்கிறது. நீதிபதி மனம் மாறித் தன் பெண்ணை லூசியானுக்குக் கட்டி வைக்கிறார். எல்லோரும் மங்களம் பாடுகிறோம். எப்படி?

நீ வரணும். வந்து முன்வரிசையில் உட்காரணும்.

உன்,
நாராயணப்பன் (கைநாட்டு)

பெரியப்பா, கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. — சரிதா


புதுச்சேரி,
27.1.2004

அடேய் நாராயணப்பா,

நலம். உன் கடிதத்தைப் படிக்கும்வரை இன்னும் நலமாக இருந்தேன்.

என்னடா கல்யாணம்? அவனுக்கு ஐம்பது வயது, வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டாம் காட்சியில் சண்டைகூடப் போடுகிறாள். நீ என்ன, அவளையும் சேர்த்து மங்களம் பாட வைப்பாயா?

கேள். லூசியான் என்று ஒருவன் சரித்திரத்தில் இல்லை, நான் பிடித்து வைத்த ஆள். ஆனால் அந்தக் காலத்தில் எழுதியதற்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். "எழுதியது தப்பு என்று ஒரு கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ" என்கிறார்கள் அவனிடம். போட மாட்டேன் என்கிறான். கத்தி சிக்கி அவன் பிழைத்துக்கொண்டால், அந்த 'மாட்டேன்' என்பதற்கு என்ன மதிப்பு? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாடகமே எழுதினேன்.

அவன் சாக வேண்டும். இல்லையென்றால் நாடகத்தைத் திருப்பி அனுப்பு. நான் உங்கள் ஓசூர்ப் பக்கமே காலெடுத்து வைக்க மாட்டேன்.

கோபத்துடனும் அன்புடனும்,
தணிகாசலம்

சரிதாவுக்கு என் ஆசி. அந்த வீட்டில் நாடகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.


மூக்கண்டப்பள்ளி,
15.2.2004

வாத்தியாருக்கு,

கடிதாசி கேட்டேன். சரிதா உன் கோபத்தை உன் குரலிலேயே படித்துக் காட்டினாள். நீ சொல்வது நியாயம். கல்யாணத்தை எடுத்துவிட்டேன்.

கமிட்டி கூடுகிற சென்றாயன் வீட்டில் போய் நின்றேன். "லூசியான் செத்தே ஆகணும்" என்றேன்.

"ஏன், என்ன வியாதி?" என்றார் சென்றாயன்.

கதையைச் சொன்னேன். கையெழுத்து கேட்கிற இடத்தில் அவரே, "போட்டுட்டு வந்துட வேண்டியதுதானே பைத்தியக்காரன்" என்றார். அவர் சம்சாரம் சாந்தம்மா உள்ளேயிருந்து, "நீங்க போடுவீங்க. எல்லாத்துலயும் போடுவீங்க. அவன் ஆம்பளை" என்றாள்.

கடைசியில் ஒரு வழி கண்டோம். ஆத்தாவுக்குப் படையல் வைக்கும்போது சன்னதித் திரையை இழுத்துவிடுவோம் இல்லையா? அதுபோல லூசியானைத் தலை வெட்டக் கொண்டுபோகிற வண்டியில் ஏற்றினதும் சன்னதித் திரையை இழுத்துவிடுவது. உள்ளே ஆத்தா பார்க்க மாட்டாள், வெளியே நான் செத்துவிடுவேன். பிறகு திரையைத் திறந்து மங்களம். "ஆத்தா கண்ணை மறைச்சாச்சு, எங்க கண்ணை யார் மறைப்பாங்க?" என்கிறாள் சாந்தம்மா.

வெட்டுகிற மரச்சட்டத்தை பிரகாஷே கம்பெனி பேக்கிங் கட்டையில் அடித்தான். கத்தி தெர்மாகோல், மேலே வெள்ளித்தாள். செய்தவன்தான் கத்தியைத் தாங்குகிற கயிறு பிடிக்கணும் என்று தலை வெட்டுகிறவன் வேஷம் அவனுக்கே போயிற்று. அப்பன் கழுத்து, பிள்ளை கயிறு. வீட்டில் இப்போது எனக்குச் சோறு கொஞ்சம் மரியாதையாய் வருகிறது. நீதிபதி மதுரைப்பக்கத்துச் சக்தி. கம்பெனியில் சாயங்கால பி ஷிப்டை மாற்றிக் கொடுக்கவில்லை என்று ஒத்திகைக்கு வரவே மாட்டேன் என்கிறான்.

இப்போதாவது வருவாயா?

உன்,
நாராயணப்பன் (கைநாட்டு)


புதுச்சேரி,
24.2.2004

நாராயணப்பா,

திரை யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருக்கிறது. அப்படியே செய்.

ஆனால் நான் வரமாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். ஜனங்கள் அழுதால் நீ இளகிவிடுவாய். போலீஸ்காரன் வேஷத்தில் திருடனை விட்டுவிட்டவன் நீ. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நீ எழுந்து நின்று கும்பிட்டுத் தொலைத்தால் என் மானம் போகும்.

லூசியான் செத்தான் என்று கடிதம் வரட்டும். மறுநாளே பஸ் ஏறுகிறேன். பிழைத்தான் என்றால் எழுதவே எழுதாதே. இதோடு சரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தணிகாசலம்


மூக்கண்டப்பள்ளி,
31.3.2004

வாத்தியாருக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். கூட்டம் சர்வீஸ் ரோடு வரைக்கும். சக்தி எப்படியோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, மதுரைப் பேச்சில் வெளுத்துக் கட்டினான். "கையெழுத்துப் போடுறியா, இல்லையாய்யா?" என்று கேட்டான்.

"மாட்டேன்" என்றேன்.

வாத்தியாரே, கைநாட்டு வைக்கிறவன் நான், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

வண்டியில் ஏற்றினார்கள். பூசாரி சன்னதித் திரையை இழுத்தார். கட்டையில் கழுத்தை வைத்தேன். உன்மேல் ஆணையாய்ச் சொல்கிறேன், நான் இளகவில்லை. சாந்தம்மா அழுதாள், இன்னும் பத்துப் பேர் அழுதார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, எப்போதடா கயிற்றை விடுவாய் என்று கிடந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "விடுங்கடா அவனை!"

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. தமிழில் விடுங்கடா, தெலுங்கில் வதலண்டிரா, கன்னடத்தில் பிட்பிடி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிரகாஷ் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "விடுடா" என்று நான் கீழேயிருந்து சொல்கிறேன், "மாட்டேம்ப்பா" என்கிறான். சாந்தம்மா மேடையேறி என்னைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். நீதிபதி சக்தி, வேறு வழி தெரியாமல் மங்களத்தை ஆரம்பித்துவிட்டான்.

ஆக, லூசியான் பிழைத்துவிட்டான். அது நிஜம்.

ஆனால் அந்தக் குரல். கம்பெனியில் கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்த அன்றைக்கு, "யாரும் சாப்பிடாதீங்கடா!" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு அது மறக்குமா? அதே குரல்தான். நான் எழுந்து பார்ப்பதற்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிழவன் ஓடுகிறான். இடது கால் கொஞ்சம் உள்பக்கம் மடிந்து, உன் நடை மாதிரியே.

சொல்லு வாத்தியாரே. உன் நாடகத்தைக் கெடுத்தது யார்?

நாராயணப்பன் (கைநாட்டு)


புதுச்சேரி,
6.4.2004

நாராயணப்பா,

நான்தான்.

முன்வரிசையில் இருந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீ என் பேச்சைக் கேட்கிறாயா என்று பார்க்க வந்தேன். கேட்டாய். ஒரு வரி பிசகவில்லை. கல் மாதிரிப் படுத்துக் கிடந்தாய்.

இங்கே மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது அது லூசியானின் கழுத்தாக இருந்தது. அங்கே அது உன் கழுத்து. பின்னால் நரைமுடி, ஒட்ட வழிக்காத சவரம். வாய் தானாகக் கத்திவிட்டது. கத்தினது நான் என்று எனக்கே தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு வெட்கம் தாங்காமல் ஓடினேன். கிருஷ்ணகிரி வரைக்கும் டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

நாடகம் நீ போட்டபடியே இருக்கட்டும். கடைசிக் காட்சியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'கூட்டத்திலிருந்து ஒருவன் கத்துகிறான்.' அந்த வேஷத்துக்கு ஆள் தேட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி. என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் நாலும் ஒரே பக்கம் என்று சரிதாவிடம் சொல்லிவை. சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி போதும்.

தணிகாசலம்