அந்த எண்ணை ஆர் மாத்தினது?

இன்று காலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி திரையில் ஓர் எண்ணின் மேல் சொடுக்கினாள். 'வாட்ச்', கவனி என்றொரு சொல் வந்தது. அதையும் சொடுக்கினாள். அந்த எண்ணை மாற்றிய வரியில் நிரல் தானாக நின்றது. அவள் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

இதற்காக நீயும் நானும் எவ்வளவு மாரடித்தோம்! வெள்ளவத்தையில் அந்தப் பழைய அலுவலகம், கடற்காற்றில் துருவேறிய யன்னல்கள். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் ஒன்றுக்கு எங்களிடம் மென்பொருள் கேட்டிருந்தார்கள். மருந்தின் அளவைக் குறிக்கும் எண் எப்போதாவது தன்பாட்டில் மாறிவிடும். எது மாற்றுகிறது என்று தெரியவில்லை. பிழை தேடும் எங்கள் டிபக்கர், ஒவ்வொரு கட்டளைக்கும் நிரலை நிறுத்தி அந்த எண்ணைப் பார்த்தது. அப்படி ஊர்ந்து ஓடும்போது பிழை தலைகாட்டவே இல்லை.

"ப்ரொசசருக்குள்ளயே வழி இருக்கடி," என்றாய். "கொஞ்ச ரெஜிஸ்டர் இருக்கு, குறிச்சு வைக்கிற சின்னப் பெட்டியள் மாதிரி. எந்த இடத்தைக் கவனிக்கவேணும் எண்டு அதில எழுதிவிட்டா, வேகம் குறையாமல் அதுவே பாத்து நிப்பாட்டும். எங்கட டிபக்கருக்கு அதோட கதைக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

கதைக்கப் பழக்கும் வேலையை இருவரும் எடுத்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து படியேறும்போதே உனக்கு மூச்சு வாங்கும். வெயிலென்று நினைத்தோம். இரத்தப் புற்று என்று தெரியவந்தபோது வேலை பாதியில் நின்றது. எண்ணுக்கு நாங்கள் வைத்த காவலான வாட்ச்பொயின்ட், அது முறைப்படி மாறும்போது பிடித்தது, தன்பாட்டில் மாறும்போது கோட்டை விட்டது.

ஏனென்று களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீதான் கண்டுபிடித்தாய்.

"புதுசா ஒரு த்ரெட் தொடங்கேக்க நாங்கள் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லையே!"

நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும். ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட். ஒவ்வொன்றுக்கும் அந்த ரெஜிஸ்டர்களைத் தனித்தனியே நிரப்பவேண்டும். தொடக்கத்தில் இருந்தவற்றுக்கு மட்டுமே நாங்கள் நிரப்பியிருந்தோம். பிறகு வந்தவை கவனிப்பாரின்றி ஓடின.

தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "உந்த வேலையை விட்டிட்டு இதைச் சாப்பிடு பிள்ளை," என்றார்.

"பொறுங்கோம்மா. அந்த எண்ணை ஆர் மாத்தினது எண்டு பாத்திட்டுச் சாப்பிடுறன்."

திருத்தியபின், மடிக்கணினியை உன் கட்டிலில் வைத்தே ஓட்டினோம். எண் மாறிய வரியில் நிரல் நின்றது. அபாய மணியை ஒலிக்கவைக்கும் த்ரெட், தேவைப்படும்போது மட்டும் தொடங்குவது, தன் எல்லை தாண்டி, பக்கத்தில் மருந்தளவு எண் இருந்த இடத்தில் எழுதியிருந்தது. நீ சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கொஞ்ச நாளில் பம்ப் திட்டத்தைக் கைவிட்டார்கள். எங்கள் டிபக்கரையும் மூடிவைத்தார்கள். நான் வந்து சொன்னபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்ப ஒருத்தரும் பாவிக்கமாட்டினமோ?"

"தெரியேல்லையடி."

"உனக்குத் தெரியும்."

"மாட்டினம்."

போர்வையை இழுத்துக்கொண்டாய். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. மழை தொடங்குமுன் நீ போய்விட்டாய். எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிறுகளில் உன் வீட்டுக்குப் போகிறேன். உன் அம்மா பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு எதிரே உட்கார்வார்.

"கடைசி நேரத்திலயும் அவள் என்னத்திலையோ மினக்கெட்டவளே பிள்ளை, அது ஆருக்கும் உதவினதோ?"

"ஓம் அன்ரி."

ஆருக்கு என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயரும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் உன் வீட்டுப் படலையைத் திறக்கிறேன்.