ஒரே பிக்கப் வண்டியில் இரண்டு சேசிஸ் எண்கள்

அனுப்புநர்:
கண்ணாடி ஏற்றும் பிக்கப் வண்டியின் பதிவு உரிமையாளர்,
மரக்கடை மாடி (பின்பக்கப் படிக்கட்டு),
பட்டறைச் சாலை.

பெறுநர்:
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம், முதல் தளம்.

பொருள்: என் பழைய பிக்கப் வண்டியின் பின்பாதி இன்னொருவருடையது எனத் தெரிய வந்தது – அவருடைய வண்டி "உடைத்துக் கழிக்கப்பட்டது" எனத் தங்கள் பதிவேட்டில் இருப்பது – பதிவைத் திருத்தி எழுத்து மூலம் பதில் வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மூன்றாம் கவுன்டரில் நான் கொடுத்த முந்தைய இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் சுருக்கமாக எழுதினேன். சுருக்கமாக எழுதியதால்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று கவுன்டரில் இருந்த அம்மா சொன்னார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கே பல இடங்களில் தலை சுற்றுவதால், எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. கடைகளுக்கும் புது வீடுகளுக்கும் கண்ணாடிப் பலகைகளை ஏற்றிச் செல்வது என் தொழில். வண்டி முதலில் என் அண்ணனுடையது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எனக்குக் கொடுத்து, என் பெயருக்கு மாற்றியும் தந்தார். கண்ணாடியைப் படுக்கவைத்து ஏற்றினால் விரிசல் விடுகிறது என்பதால், பின்னாலுள்ள சரக்குத் தொட்டியின் நடுவில் சாய்வான இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தவும், கூடவே துருப்பிடித்த அடிப்பகுதியைச் சரிசெய்யவும் இரண்டரை மாதங்களுக்கு முன் வண்டியைப் பட்டறையில் விட்டேன்.

2. சட்டத்தை வெல்டிங் வைக்கும் முன் வண்டியின் அடிக்கூடான சேசிஸைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் தொட்டியைக் கழற்றி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க குனிஞ்சு பாருங்க" என்றார். சேசிஸின் இரண்டு பக்கக் கட்டைகளிலும், நடுவில், குறுக்காக ஒரு பழைய வெல்டிங் தழும்பு. இந்த வகை வண்டியில் முன்சக்கரத்தருகே ஒரு முறையும் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு முறையும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்களாம். முன்னால் இருப்பது என் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண். பின்னால் இருப்பது வேறு எண். "இது ஒரு வண்டி இல்லண்ணே, ரெண்டு வண்டி" என்றார் மெக்கானிக். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

3. அண்ணனிடம் போனேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி மோதி இந்த வண்டியின் பின்பக்கம் நொறுங்கியது. ஒரு பட்டறையில் கொடுத்து ஒன்பதே நாளில் திரும்ப வாங்கினோம். அதைத்தான் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தேய்ச்ச இடத்துல பெயின்ட் அடிச்சிட்டு ஓட்டுற வேலையைப் பாரு" என்றார். ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. மறைக்க எதுவுமில்லை என்ற நம்பிக்கையில் தங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். செய்தது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

4. மூன்றாம் கவுன்டரில் பின்பக்க எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வண்டி பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே உரிமையாளரின் விண்ணப்பத்தின் பேரில் உடைத்துக் கழிக்கப்பட்டது என்று சொல்லி ஒரு நகலும் தந்தார்கள். உடைத்த வண்டி எப்படிப் பட்டறையில் நிற்கிறது என்று கேட்டேன். காவல் நிலையம் போகச் சொன்னார்கள். காவல் நிலையத்தில், பதிவேட்டில் இல்லாத வண்டி காணாமல் போக வழியில்லை, தங்கள் அலுவலகத்துக்கே போ என்றார்கள். தங்கள் அலுவலக வாகன ஆய்வாளர் ஐயா பட்டறைக்கு நேரில் வந்து சுற்றிப் பார்த்து, முன்பாதிக்குத் தகுதிச் சான்று தரலாம், பின்பாதிக்குத் தர முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். முன்பாதியை மட்டும் எப்படி ஓட்டுவது என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு பின்சக்கரங்களும் மற்ற பாதியில் இருக்கின்றன.

5. நகலில் இருந்த முகவரிக்கு நானே போனேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முன்பு கடை கடையாக முட்டை கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்போது முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். வண்டி எண்ணைச் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். "அந்த வண்டி திருட்டுப்போச்சு தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தியிருந்தேன்" என்றார். அவருடைய கணவருக்கு அப்போது முதுகில் அறுவை சிகிச்சை. பத்து வாரம் படுக்கையிலேயே இருந்தார். வண்டியைக் காணவில்லை என்று அம்மா தங்கள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின்படி வண்டி கழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் கடிதம் வந்தது. அப்படி எந்த விண்ணப்பமும் அவர் கொடுக்கவில்லை. விண்ணப்பத்தில் போட்டிருந்த தேதியில் அவர் ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டிலருகே கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

6. ஐயா, அந்தக் கடிதம் அம்மாவின் கைக்கு வரவில்லை. வீடு திரும்பியிருந்த கணவர் பிரித்துப் படித்துவிட்டார். தான் இனி எழுந்து நடக்கப்போவதில்லை என்று மனைவி முடிவுகட்டி, வண்டியை ரகசியமாகப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். சண்டை போடவில்லை. அலமாரிச் சாவியை மட்டும் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். பதினான்கு ஆண்டுகளாக அது அங்கேதான் இருக்கிறது. ஒரு சேலை எடுக்க வேண்டுமானாலும் அம்மா கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை அவர் அழாமல் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

7. மறுநாள் காலை இருவரையும் ஆட்டோவில் பட்டறைக்கு அழைத்து வந்தேன். பெரியவர் கைத்தடி ஊன்றி வண்டியைச் சுற்றி வந்தார். கழற்றி வைத்திருந்த தொட்டியின் பக்கவாட்டில், கயிறு மாட்ட ஆறு கொக்கிகள் உண்டு. கடைசிக் கொக்கி மட்டும் தலைகீழாக இருக்கும். அதில் கயிறு நழுவுகிறது என்று நான் திட்டாத நாள் இல்லை. பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை நான்தான் வெச்சேன். அன்னைக்கு மழை, அவசரத்துல திருப்பி வெச்சுட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு மனைவியைப் பார்த்து, "அப்ப நீ விக்கலையா?" என்று கேட்டார். "இத்தனை வருஷமா வேற என்னத்தச் சொன்னேன் உங்களுக்கு?" என்றார் அம்மா. மெக்கானிக் கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

8. அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. பெரியவர் பழைய அரசுக் குமாஸ்தா. மூன்று நாள் கழித்து அவரே எனக்குப் போன் செய்தார். "கண்ணால பார்த்துட்டேன் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா ஆபீஸ் கடுதாசில அவ கையெழுத்துன்னு போட்டிருக்கே? முத்திரை வெச்சுப் பொய் எழுதுவாங்களா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னைப் போலவே அவரும் குழம்பிப் போயிருக்கிறார். சாவி இன்னும் இடுப்பில்தான்.

9. சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானாகவே பட்டறைக்கு வந்தார். வெல்டிங் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "நிஜமாவே எனக்குத் தெரியாதுடா. ஒன்பது நாள்ல எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டிருக்கணும். வண்டி வந்துச்சேங்கற சந்தோஷத்துல கேக்கல" என்றார். அந்தப் பட்டறையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பட்டறைக்காரரின் பெயரையும், அவருக்குத் தங்கள் அலுவலகத்தில் பழக்கமாயிருந்த ஒருவரின் அடையாளத்தையும் அண்ணன் சொல்கிறார். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து எழுதிக் கொடுக்கவும் தயார் என்கிறார். இதனால் அவருக்கே சிக்கல் வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வரட்டும்" என்றார்.

10. வண்டியை என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பின்பாதியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். "அதை அறுத்துத் தூக்கிட்டுப் போய் நான் எங்க வைக்கறது தம்பி?" என்கிறார் அம்மா. வைத்துக்கொள்ளவும் எனக்கு உறுத்துகிறது. வெட்ட வேண்டும், ஒப்படைக்க வேண்டும், இரு பெயரில் பதிய வேண்டும் என்று தாங்கள் எது சொன்னாலும் கட்டுப்படுகிறேன். பாதி முடிந்த சட்டத்தோடு வண்டி பட்டறையில் நிற்கிறது. அது காத்திருக்கட்டும்.

ஆனால் காத்திருக்க முடியாத ஒன்று உண்டு. பெரியவருக்கு எழுபத்தொரு வயது. எனவே தாங்கள் அன்புகூர்ந்து, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விண்ணப்பத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள கையெழுத்தை அம்மாவின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வண்டி உடைக்கப்படவில்லை என்றும், விண்ணப்பம் அவர் கொடுத்ததில்லை என்றும் தங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தவறு செய்தவரைக் கண்டுபிடிக்க நாளாகும் என்றாலும், இந்தக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட வேண்டுகிறேன்.

கடிதத்தைத் தன் பெயருக்கு அனுப்ப வேண்டாம், கணவர் பெயருக்கே அனுப்பச் சொல்லுங்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டார். இந்த முறையும் உறையைக் கணவரே பிரித்துப் படிக்க வேண்டுமாம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

கண்ணாடி வண்டிக்காரர்
(கையொப்பம்)

இடம்: பட்டறைச் சாலை
நாள்: இம்மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை

இணைப்பு: இரு எண்களின் புகைப்படங்கள், பதிவுப் புத்தக நகல், ஆய்வாளரின் குறிப்பு, அம்மாவின் கையெழுத்து மாதிரி மூன்று, அந்தத் தேதியில் அவர் கணவரோடு இருந்ததற்கான ஆஸ்பத்திரித் துணையாளர் சீட்டு.