வெயிலுக்கு மழை டயர்

செவ்வாய், நவம்பர் 4
விடிய முதலே மழை. வெள்ளவத்தை ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். பால்மா, தீப்பெட்டி, மனுசிக்கு முழங்கால் எண்ணெய். கடை முதலாளி சிங்களத்தில் "புத்தா ஆவாத?" என்றார். மகன் வந்துவிட்டான் என்று தலையாட்டினேன். சுற்றிவளைப்பில் கொண்டுபோன பொலிஸ்காரர் வெள்ளிக்கிழமை விட்டார்கள். ரூபன் ஆள் முழுசாக வந்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. அதை எப்படித் தலையாட்டிச் சொல்வது?

ரூபன் நாள் முழுக்க ரி.வி.க்கு முன்னால். கார் ஓட்டப் போட்டி விளையாட்டு. பக்கத்தில் போய் இருந்தேன். அவன் எழும்பிப் போகவில்லை.

புதன், நவம்பர் 5
வெயில். கறன்ட் போய் வந்தது.

பார்க்கப் பார்க்க விளங்குகிறது. ஓட ஓட டயர் தேயும், கார் வழுக்கும். ஓரத்துக் கொட்டிலில் நிறுத்தி மாற்ற வேண்டும். முந்தினால் நேரம் நட்டம், பிந்தினால் மதிலில் அடி. எந்தக் கார் எப்போது உள்ளே போகும் என்பது மனதில் நிற்கிறது. இங்கிலீசு ஓடாது, தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

மத்தியானம் என் கையில் பொத்தான் பெட்டியைத் தந்து, எது என்பதுபோல் திரையில் டயர்ப் படங்களைக் காட்டினான். ஒன்று மொட்டை. மற்றது வெட்டு வெட்டாக, புத்தம் புதிது. வத்தளையில் மொட்டை டயர் பஸ் வழுக்கி மதிலில் ஏறியபோது உள்ளே இருந்தவன் நான். வெட்டுள்ளதை அமத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாக் காரும் எங்களை முந்தின.

"அப்பா! விசரே உங்களுக்கு? வெயிலுக்கு மழை டயரைப் போட்டிட்டியள்!"

மனுசி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"மொட்டை வழுக்காதோடா?" என்றேன்.

"காய்ஞ்ச றோட்டுக்கு அதுதான் பிடிக்கும். வெட்டு, தண்ணி போறதுக்கு! தெரியாட்டி கேக்கிறதுதானே!"

கேட்டால் சொல்லியிருப்பானா? ஏசட்டும்.

"இன்னும் ரண்டு ஏச்சுக் குடு ராசா" என்றாள் மனுசி. கண்ணில் தண்ணீர்.

கடைசியாக வந்தோம்.

வியாழன், நவம்பர் 6
மூட்டம். ரூபன் தாடி வழித்தான். முழங்கால் எண்ணெய் நாற்றம் வீடு முழுக்க.

"டயர் ஒருக்கா மாத்தினாப் போதும்" என்றான்.

"ரண்டு தரம் மாத்து."

"ஆர் ஓடுறது? நீங்களோ நானோ?"

"அந்தச் சிவப்புக் கார் எப்பவும் பாதியில உள்ள போகும். நீ ஒரு சுற்று முந்திப் போய் மாத்து. புது டயரில பிடிக்கலாம்."

முறைத்தான். போனான். சிவப்பும் மாற்றி வெளியே வந்தபோது எங்களுக்குப் பின்னால்.

"கள்ளக் கிழவன்" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே:

"அவங்கள் எனக்கு அடிக்கேல்லை, அப்பா."

கேட்கப் பயந்து நான் கேட்காத கேள்விக்குப் பதில் அது.

"அம்மாட்டச் சொல்லிவிடுங்கோ."

"நீயே போய்ச் சொல்லு."

காரை நடு றோட்டில் விட்டுவிட்டுக் குசினிக்குப் போனான். சிவப்பு முந்திக்கொண்டு போகிறது. மற்றதுகளும் போகின்றன. போகட்டும்.