முழங்கையில் பழுப்புத் தையல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் மகளும், அதாவது உன் மருமகளும், உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் அத்தான் எப்படி இருக்கிறார் என்று எனக்கே தெரியாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். தாளில் எழுதினால் நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கப்பலிலிருந்து அவர் கடைசியாக அனுப்பிய செய்தி, இன்ஜினில் ஏதோ கோளாறு, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான். அன்றே உனக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தால் சிக்னல் கிடைக்காத இடமாக இருக்கும் என்கிறார்கள். அங்கே போனை எடுக்கிறவர் முன்பெல்லாம் என் குரலைக் கேட்டாலே எரிந்து விழுவார். இப்போது, "சாப்பிட்டீங்களாம்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்று மெதுவாகப் பேசுகிறார். அந்தக் கனிவைக் கேட்டதும் நானே போனை வைத்துவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீ வந்தபோது, உங்கள் ஆபீஸில் செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஆட்களுக்குத் துணி வேண்டும் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் மொட்டை மாடியில் விரித்துப் படம் எடுத்தாயே. வெயில் வந்தால் நிழல் விழும் என்று மேகத்துக்காகக் காத்திருந்தாய். நான் உதவி செய்வதாக நினைத்து அத்தானின் நீலக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தேன். காரியத்தைக் கெடுத்தாய் என்று பிடுங்கி நீ அதைக் கசக்கினாய். அவர் வெறும் உடம்போடு நின்றுகொண்டு, "இந்த வீட்ல எனக்கு இல்லாத மரியாத என் சட்டைக்கு" என்றார்.

அந்தச் சட்டையின் முழங்கை ஆணியில் மாட்டிக் கிழிந்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோனதால் பழுப்பு நூலில் கோணலாகத் தைத்திருந்தேன். ஒரே படத்தை அடுத்தடுத்து ஒட்டித்தான் துணி செய்வோம், ஒரு கறையை விட்டாலும் துணி முழுக்க அதுவே திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லி மற்றத் துணிகளில் இருந்த குறைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்தாய். வெட்கமாக இருக்கிறது, இதையும் அழித்துவிடு என்றேன். கேட்டாயா? "அது இருந்தாத்தான்க்கா ஒரு ஆள் போட்ட சட்டை மாதிரி இருக்கும்" என்றாய்.

விளையாட்டு வெளிவந்ததும் உன் மருமகள் ஆசையாக ஆட உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒரு ஆள் வந்தான். அதே நீலக் கட்டம், அதே பழுப்புத் தையல். "அம்மா, அப்பா சட்ட" என்று அவள் சந்தோஷமாகச் சொல்லி வாய் மூடவில்லை, சுட்டுவிட்டார்கள். முகம் குப்புற விழுந்தான். நான் தைத்த முழங்கை மேலே தெரிந்தது.

வெறும் படம்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிளம்பும்போது உன் அத்தான் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார். அவரை எங்கே தேடுவது என்று நான் திண்டாடுகிறேன். அந்தச் சட்டை என் கண்ணில் படுகிற ஒரே இடம் இப்போது அந்தத் திரைதான், அங்கே அது தரையில் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளிக்கூடம் போனபிறகு நானே அதை ஆடுகிறேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் நடக்கும் என்று அவளிடம் சாடைமாடையாகக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அந்த ஆளைப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். குறுக்கே போய் நின்று நானே குண்டு வாங்கினேன். என்ன செய்தாலும் அவன் எழுந்து அந்தக் கிடங்குக் கதவருகே போய் விழுகிறான். ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் சாகற மாதிரிதாம்மா செஞ்சு வச்சிருக்காங்க. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். மாமா நெனச்சாத்தான் மாத்த முடியும்" என்றாள்.

விளையாட்டு வெளிவந்த பிறகும் திருத்தி அனுப்புவீர்களாமே. வேறு சட்டை மாட்டிவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதப்போனால் கை வரவில்லை. அவரை நாங்களே விலக்கி வைத்தது போல இருக்கும். சட்டை இருக்கட்டும், ஆளை மாற்று. மேலே இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்பாய், கேள். அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக் கேட்டாலும் சரி. கடைசிவரை உயிரோடு இருந்து வீடு போய்ச் சேருகிற ஒருவன் உன் விளையாட்டில் இருக்க மாட்டானா? அவனுக்குப் போடு. சண்டைப் பக்கமே தலைகாட்டாத ஆளாக இருந்தாலும் போதும்.

நீ நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடு. அவன் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் அந்தச் சட்டை அவன் மேலேயே இருக்கட்டும்.

உன் அக்கா