மீளி என்ற பெயர்

அம்மு,

பால் காய்ச்சி வெச்சிருக்கேன். அசந்து தூங்குற உங்க ரெண்டு பேரையும் எழுப்ப மனசு வரல. முந்தாநாள் பாப்பா பேருக்காக உன்கிட்ட எரிஞ்சு விழுந்தது என் தப்புதான். "மீளியா, எங்கேடி பிடிச்சே?"ன்னு கேட்டதுக்கு, "தெரியல, தானா வாயில வந்துச்சு"ன்னு சொல்லி அழுதே.

நேத்து அச்சகத்துல பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பழைய சொல். முதல்ல வீரம்னு போட்டிருக்கு, கடைசியில பேய்னும் இருக்கு. எனக்கென்னவோ 'மீண்டு வந்தவ'ன்னுதான் கேக்குது.

சாயங்காலம் வீட்டுக்காரம்மாகிட்ட பேரைச் சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. நமக்கு முன்னாடி இங்கே குடியிருந்தவங்க குழந்தைக்கும் இதே பேராம். ஒரு வயசு நிறையறதுக்குள்ள போயிடுச்சாம். பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா வருவாங்க. சாவியைக் கொடுத்துட்டு, பாப்பாவைத் தூக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. வேலை முடிஞ்சு நேரா அங்கே வரேன்.

கோவிச்சுக்காதே. அதுவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லாதே.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். நேத்து நீ சமையலறையிலேர்ந்து "மீளி"ன்னு கூப்பிட்டப்போ, பாப்பா என் மடியில தூங்கிட்டிருந்தா. உள்ரூம்லேர்ந்து யாரோ "ம்"னு சொன்னாங்க.