அத்தைக்குப் பதிலாக நான் எழுதிய நோட்டு

அறிவிலே என்னைக் கொண்டு பிறந்த அக்கா மகளுக்கு, உன் மாமா எழுதுவது.

உன் அத்தை நலம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்கும்போது பதறாதே.

உங்கள் ஆய்வுக்கூடத்தின் புதுக் கருத்தடை வளையத்துக்குப் பேருந்துப் பணிமனை முழுக்க நான்தான் விளம்பரம். மருமகள் ஒற்றை ஆளாகச் செய்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். “எத்தனை கிலோமீட்டர் ஓடும்ணே?” என்று மெக்கானிக் கேட்டான். மூன்று மாதம் என்றேன்.

மூன்றாவது பிரசவத்தில் அத்தை பிழைத்ததே பெரிது. இன்னொன்றை அவள் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். மாத்திரையோ ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே வாந்தி. அதனால்தான் இங்கே மருத்துவமனையில் உங்கள் வளையத்துக்குச் சோதனை என்று நீ எழுதியதும் அவளே போய்ச் சேர்ந்தாள்.

உடம்பு எப்படி இருக்கிறதென்று தினமும் நோட்டில் குறிக்க வேண்டும். அவள் தையல் மெஷினை விட்டு எழுந்தால்தானே? என் கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு வருடம் ஆழ்ந்து படித்தவன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வாரமாக, “தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுங்க” என்றாள். நான், ‘பரம சௌக்கியம், யானை பலம்’ என்று எழுதினேன். வளையத்துக்குக் கெட்ட பேர் வந்தால் உன் வேலை என்னாவது?

மருத்துவமனையில் நோட்டை வாங்கிப் பார்க்கும் நர்ஸம்மா அதைச் சிரித்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள், ஒரு வாரமாகத் தலைவலி என்று அவரிடம் சொன்னாள். நர்ஸம்மா சிரிப்பை நிறுத்தினார். “இந்த மாதிரி வளையத்தால மூளையில ரத்தம் உறைஞ்சாலும் இப்படித்தான் வலிக்கும், தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

உடனே ஸ்கேனுக்கு அழைத்துப்போனார்கள். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தும் என் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை.

கடைசியில் பார்த்தால், கோளாறு கண்ணில்! ஊசியில் நூல் கோக்கக் கண்ணை இடுக்கி இடுக்கி வந்த வலி. கண்ணாடி போட்டதும் போயே போய்விட்டது. வளையத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. “இப்ப உங்களைத் தெளிவாப் பார்த்தாத்தான் தலை வலிக்குது” என்கிறாள். சொல்லட்டும், நாள் முழுக்கச் சொல்லட்டும்.

நான் எழுதிய பக்கங்களையெல்லாம் நர்ஸம்மா அடித்துவிட்டு, அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

உன் மேலதிகாரிகளிடம் ஒன்று சொல்லம்மா. எத்தனையோ வீடுகளுக்கு இந்த நோட்டு போயிருக்கும். அங்கேயும் என்னைப்போல நல்ல கையெழுத்துக்காரன் ஒருவன் இருப்பான். அவனை நம்ப வேண்டாம். அந்தப் பெண்களையே உட்காரவைத்துக் கேட்கச் சொல்.

நீ நன்றாக இரு. நீ செய்வது எல்லாப் பெண்களையும் நன்றாக வைக்கட்டும். முதலில் என் வீட்டுக்காரியை.

உன் மாமா